ஆணுறை கிழிந்து 8 நாள் ஆகிவிட்டது, எச்.ஐ.வி. பயத்தில் இருக்கிறேன், என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். 8 நாளுக்கு முன்பு, அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு பெண்ணுடன் உறவு. முடிந்த பிறகுதான் ஆணுறை கிழிந்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்கள். மறுநாள் காலையிலேயே லேபுக்கு ஓடிப்போய் ரத்தம் கொடுத்ததில் நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. 5ஆம் நாள் லேசான காய்ச்சலும் தொண்டை வலியும். அக்கா வீட்டில் தங்கியிருப்பதால், அங்கிருக்கும் சின்னக் குழந்தையை நினைத்துத் தட்டு, டம்ளர், துண்டு எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டீர்கள். "எச்.ஐ.வி. எப்படியெல்லாம் தொற்றும், விளக்கமாகச் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் கேட்க வந்தது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது: எனக்கு வந்துவிட்டதா, இன்னும் எத்தனை நாள் இப்படித் தூக்கமில்லாமல் கிடக்க வேண்டும்? முதல் பாதிக்கு இன்று யாராலும் பதில் சொல்ல முடியாது. இரண்டாவது பாதிக்குத் தேதி போட்டே சொல்லலாம்.

நான் மருத்துவர் இல்லை. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் ரத்தம் எடுக்கும் முன்பும் முடிவு வந்த பிறகும் உட்கார்ந்து பேசுகிற ஆலோசகர் வேலையில் 16 வருடமாக இருக்கிறேன். மாத்திரை எழுதித் தருவது என் வேலை இல்லை. அந்த இடம் வரும்போது மருத்துவரிடம்தான் போகச் சொல்வேன். இத்தனை வருடத்தில் நான் கண்டது, பயம் பெரும்பாலும் தப்பான இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான். கொசுவுக்குப் பயப்படுகிறவர், தடுப்பு மருந்தைத் தொடங்க இருக்கும் 72 மணி நேரக் கெடுவைப் பற்றிக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். தட்டைத் தனியாகக் கழுவி வைக்கிறவர், இடையில் ஒருநாள் போய் ரத்ததானம் செய்துவிட்டு வந்திருப்பார். நாள்கணக்கைத்தான் நான் முதலில் கேட்பேன். இருந்தாலும் தட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், இன்று ராத்திரியும் அக்கா வீட்டில் சாப்பிட வேண்டுமே.

தொற்றை உண்டாக்கும் அளவுக்கு இந்த வைரஸ் இருப்பது சில திரவங்களில் மட்டும்தான்: ரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் நீர், பெண்ணுறுப்பில் ஊறும் திரவம், ஆசனவாயின் உள்பக்கத் திரவம், தாய்ப்பால். எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீர் இவற்றால் தொற்றாது. மேலே சொன்ன திரவமும் சும்மா பட்டால் போதாது. உடம்பின் மெல்லிய உட்சவ்விலோ, திறந்த புண்ணிலோ, நேராக ரத்தத்திலோ போய்ச் சேர வேண்டும். காயமில்லாத தோலைத் தாண்டி அதனால் உள்ளே வர முடியாது. வெளியே வந்து காய ஆரம்பித்துவிட்டால் சில மணி நேரத்திலேயே அதன் வீரியம் பெரும்பாலும் போய்விடும். ஊசிக்குள் தங்கிய ரத்தம் மட்டும் விதிவிலக்கு. காற்றுப் படாமல் அடைபட்டிருப்பதால், சூட்டையும் குளிரையும் பொறுத்து, 42 நாள்வரைகூட அதில் வைரஸ் உயிரோடு இருக்கலாம். கொசு நம்மைக் கடிக்கும்போது தன் எச்சிலைத்தான் உள்ளே விடுகிறது, முன்பு குடித்தவரின் ரத்தத்தை அல்ல. அதன் உடம்பில் இந்த வைரஸ் பெருகவும் முடியாது. ஆக ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தலாம், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். ஷேவிங் பிளேடும் டூத் பிரஷும் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும், அது எச்.ஐ.வி.யைவிட மஞ்சள் காமாலை பி வகைக்காகச் சொல்வது, எல்லா வீட்டுக்கும் பொருந்துவது.

சரி, இப்போது உங்கள் சம்பவம். எச்.ஐ.வி. உள்ள, ஆனால் மருந்து எடுக்காத ஒருவருடன் ஆணுறை இல்லாமல் ஒரு தடவை உறவு கொண்டால் தொற்று வரும் வாய்ப்பு எவ்வளவு என்று பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து மதிப்பிட்டிருக்கிறார்கள். பெண்ணுறுப்பு வழி உறவில் ஆணுக்கு 10,000 தடவைக்குச் சுமார் 4, பெண்ணுக்குச் சுமார் 8. ஆசனவாய் வழி உறவில் வாங்கிக்கொள்கிறவருக்குச் சுமார் 138, மற்றவருக்குச் சுமார் 11. போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டால் சுமார் 63. வைரஸ் உள்ள ரத்தத்தையே ஏற்றிவிட்டால் 9,000க்கு மேல். வாய்வழி உறவில் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது, கறாரான எண்ணும் தர முடியாது. உங்கள் கணக்கில் இன்னொரு 'ஆனால்' இருக்கிறது: அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்பதே உங்களுக்குத் தெரியாது. இல்லையென்றால் உங்கள் வாய்ப்பு பூஜ்யம்.

இந்த எண்களைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அதே முகத்தில் 'அப்படியென்றால் ஒரு தடவை பரவாயில்லை போல' என்ற கணக்கும் ஓடும். அங்கேதான் நிறுத்துவேன். இவை சராசரி எண்கள். எதிராளிக்குப் புதிதாகத் தொற்றியிருந்தால் முதல் சில வாரம் அவர் ரத்தத்தில் வைரஸ் குவிந்து கிடக்கும்; அப்போது வாய்ப்பு பல மடங்கு ஏறும். இருவரில் யாருக்காவது மேகப்புண் (சிபிலிஸ்) மாதிரி வேறு பால்வினை நோய் இருந்தாலும் ஏறும். 10,000இல் 4 என்பதில் அந்த நால்வரில் ஒருவருக்கு அது முதல் தடவையாகவே இருந்திருக்கலாம்.

"அவள் பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருந்தாள்" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிடுங்கள். மருந்தே எடுக்காவிட்டாலும், தொற்று வந்ததிலிருந்து எய்ட்ஸ் என்ற நிலைக்குப் போகச் சராசரியாக 8 முதல் 10 வருடம் பிடிக்கும். அதுவரை பலர் ஓடியாடி வேலை பார்ப்பார்கள். எச்.ஐ.வி. என்பது வைரஸின் பெயர். அது சிடி4 என்ற வெள்ளை அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்து, ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் அவை 200க்குக் கீழே இறங்கும்போது, அல்லது காசநோய் மாதிரியான சில குறிப்பிட்ட நோய்கள் பற்றும்போதுதான் எய்ட்ஸ் என்கிறோம். முகத்தைப் பார்த்து எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

இப்போது வருத்தத்தோடு சொல்ல வேண்டிய விஷயம். ஆணுறை கிழிந்த அன்று நீங்கள் லேபுக்குப் போனதற்குப் பதிலாக மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். பெப் என்று ஒரு தடுப்பு முறை இருக்கிறது. சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எச்.ஐ.வி. மருந்துகளைத் தொடங்கி 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். இந்த வைரஸ் நம் அணுவுக்குள் புகுந்து தன் மரபுச் செய்தியை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும். செருகிய பிறகு பிடுங்க முடியாது. இந்த நோயை முற்றிலும் குணமாக்குவது இன்றுவரை கடினமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். உள்ளே நுழைந்த இடத்திலிருந்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவ அதற்கு ஓரிரண்டு நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் பெப் வேலை செய்கிறது. 8ஆம் நாளில் அதைத் தொடங்குவதில் பயனில்லை. அந்த வாசல் மூடிவிட்டது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது நேற்று ராத்திரி ஆணுறை கிழிந்திருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம். எழுந்து அவசரப் பிரிவுக்குப் போய் 'பெப் வேண்டும்' என்று கேளுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும், வேலையில் ஊசி குத்திக்கொண்ட செவிலியர்களுக்கும் இதேதான்.

மறுநாள் காலையில் வந்த நெகட்டிவ் பற்றி. அந்த முடிவு பொய்யில்லை. ஆனால் அது சொல்வது அந்தச் சம்பவத்துக்கு முந்தைய உங்களைப் பற்றி. வைரஸ் வந்திருந்தாலும் பரிசோதனைக்குப் பிடிபட நாளாகும், அதைத்தான் விண்டோ பீரியட் என்கிறார்கள். எத்தனை நாள் என்பது எந்தப் பரிசோதனை என்பதைப் பொறுத்தது. கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, ஆன்டிஜென் (வைரஸின் புரதத் துண்டு), ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க நம் உடம்பு உண்டாக்கும் பொருள்) இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் லேப் பரிசோதனை பெரும்பாலும் 18 முதல் 45 நாளுக்குள் பிடித்துவிடும். விரல் நுனியில் குத்தி ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் ராபிட் கிட்டுக்கு 23 முதல் 90 நாள். வைரஸையே தேடும் நாட் பரிசோதனை 10 முதல் 33 நாள். அதற்கும் நீங்கள் இன்னும் போய்ச் சேரவில்லை. எனவே முதல் தேதி, சம்பவத்திலிருந்து 45ஆம் நாள், லேப் பரிசோதனை. அதில் நெகட்டிவ் வந்தால், இடையில் வேறு ஆபத்தான உறவு இல்லையென்றால், இந்தச் சம்பவத்தை மூடிவிடலாம். ராபிட் கிட் மட்டுமே கிடைக்கிறது என்றால் 90ஆம் நாள்வரை பொறுக்க வேண்டும். நடுவில் வாரத்துக்கு ஒரு டெஸ்ட் எடுப்பது பணத்தையும் தூக்கத்தையும்தான் கெடுக்கும்.

ராபிட் கிட் எடுப்பதானால் ஒரு சின்ன விஷயம் தெரிந்திருக்கட்டும், இதில் மயங்கி விழுந்தவரையே பார்த்திருக்கிறேன். வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டை, நடுவில் நீளமாக ஒரு ஜன்னல். ஒரு ஓரத்தில் 'சி' என்று இருக்கும், அது கன்ட்ரோல். ஒரு சொட்டு ரத்தமும் மேலே கரைசலும் விட்டதும் ஈரம் ஊர்ந்து போய் 'சி' பக்கம் சிவப்பாக ஒரு கோடு எழும்பும். நோய் இல்லாதவருக்கும் அந்தக் கோடு வரும், வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் கிட் கெட்டுப்போனது என்று அர்த்தம். அந்த இளைஞர் முதல் கோட்டைப் பார்த்ததுமே நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். அவர் முடிவு நெகட்டிவ். அதேபோல, உறையில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் மங்கலாக ஏதோ தெரியலாம், அதற்கு மதிப்பில்லை. முறையாகப் பார்த்து இரண்டாவது கோடு வந்தாலும் அதுவே தீர்ப்பு ஆகாது. வேறு வேறு கிட்டில் திரும்பப் பார்த்து, மூன்றிலும் பாசிட்டிவ் என்று ஒத்துப்போனால்தான் உறுதி செய்ய வேண்டும் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

காய்ச்சலைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. புதிதாகத் தொற்றியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுவது மாதிரி ஏதாவது வரும். ஆனால் அது வழக்கமாக 2 முதல் 4 வாரத்தில் வரும். 5ஆம் நாள் என்பது சீக்கிரம். அதோடு இந்த அறிகுறி அத்தனையும் சாதாரண சளிக்காய்ச்சலுக்கும் உண்டு. காய்ச்சல் வந்ததால் தொற்று என்றும் இல்லை, வராததால் தப்பித்தோம் என்றும் இல்லை. காய்ச்சல் இறங்காவிட்டால் காய்ச்சலுக்காக மருத்துவரைப் பாருங்கள், இந்தச் சம்பவத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ராத்திரி தூங்கவிடாதது அதுதானே. நீங்கள் மனதில் வைத்திருக்கும் படம் 1980களின் படம். 1996 வாக்கில் கூட்டு மருந்து வந்த பிறகு அந்தப் படம் மாறத் தொடங்கிவிட்டது. இப்போது பலருக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைதான், அதற்குள்ளேயே மூன்று மருந்து இருக்கும். சிடி4 எண்ணிக்கை இறங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2015 முதல், தெரிந்த உடனேயே தொடங்குவதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு 6 மாதத்துக்குள் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். சீக்கிரம் தொடங்கித் தொடர்ந்து எடுப்பவர்கள் கிட்டத்தட்ட மற்றவர்கள் வாழும் அளவுக்கே வாழ்கிறார்கள். மருந்தை நிறுத்தினால் வைரஸ் திரும்ப எழும்பும், அதனால் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது, படித்தவர்களுக்கே இன்னும் போய்ச் சேரவில்லை. வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நிலையாக இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக அது இன்னொருவருக்குப் பரவாது. குறைவாகப் பரவும் என்று சொல்லவில்லை, பரவாது. ஐரோப்பாவில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் தம்பதிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2019இல் வெளியானது. ஆணுறை இல்லாமல் 76,000க்கும் மேற்பட்ட தடவை உறவு கொண்டிருந்தும், துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவரும் இல்லை. ஆண் பெண் தம்பதிகளிடமும் இதற்கு முன்பே இதே முடிவுதான் கிடைத்திருந்தது. இந்த உறுதி உடலுறவுக்கு மட்டும். தாய்ப்பாலில் வாய்ப்பு மிகமிகக் குறையும், ஆனால் முழுப் பூஜ்யம் என்று சொல்வதில்லை. ஊசி பகிர்வதற்கும் இந்த உறுதியை நீட்டக்கூடாது. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பால் காலத்திலும் எந்த மருந்தும் இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம்வரை. மருந்து ஒழுங்காக இருந்தால் அது 5க்கும் கீழே, நல்ல கவனிப்பில் 1க்கும் கீழே போகும்.

இனி வரும் நாளுக்கு. ஆணுறை எப்படிக் கிழிந்தது என்று யோசித்துப் பாருங்கள். நான் கேட்கும்போது திரும்பத் திரும்ப வரும் பதில்கள் இவை: மாதக்கணக்கில் பர்ஸில் கிடந்தது, பின்பாக்கெட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து சூட்டில் ரப்பர் நொந்துபோனது; அவசரத்தில் பல்லால் உறையைக் கடித்தது; நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றாமல் போட்டது; வழுவழுப்புக்கு எண்ணெயோ வாஸ்லினோ தடவியது. எண்ணெய்ப் பசை லேடெக்ஸ் ரப்பரைச் சில நிமிடத்திலேயே பலவீனமாக்கிவிடும். தண்ணீர் சார்ந்த அல்லது சிலிக்கான் ஜெல் வேண்டும். பாதுகாப்புக்கு இரண்டாக இருக்கட்டும் என்று ஒன்றன்மேல் ஒன்று போடுவது இன்னும் மோசம், உரசியே இரண்டும் கிழியும். கிழிந்துவிட்டால், கழுவுகிற விஷயத்தில் வெளிப்பக்கம் தண்ணீரால் கழுவினால் போதும்; அது பெப்புக்கு மாற்று இல்லை. பெண்கள் உள்ளே கிருமிநாசினி விட்டுக் கழுவினால் சவ்வு புண்ணாகி வாய்ப்பு கூடத்தான் செய்யும்.

தெரியாதவர்களுடன் உறவு அடிக்கடி நேரும் என்றால், ஆணுறையை மட்டும் நம்பாமல் மருத்துவரிடம் பிரெப் பற்றிக் கேளுங்கள். இதை நான் யாரையும் எடை போட்டுச் சொல்வதில்லை. எதிரில் இருப்பவரின் ஒழுக்கத்தைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் தேவைப்பட்டதில்லை. பிரெப் என்பது தொற்று இல்லாதவர் முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை. தினமும் தவறாமல் எடுத்தால் உடலுறவு வழித் தொற்றைச் சுமார் 99 சதவீதம் தடுக்கும். விட்டு விட்டு எடுத்தால் அந்த எண் நிற்காது. மாத்திரையை மறப்பவர்களுக்காக 6 மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபவிர் ஊசி வந்திருக்கிறது. அதன் ஒரு பெரிய ஆய்வில், 2024இல், ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ஆனால் பிரெப் எச்.ஐ.வி.யை மட்டும்தான் தடுக்கும். மேகப்புண்ணுக்கும் வெட்டை நோய்க்கும் கர்ப்பத்துக்கும் ஆணுறைதான். தொடங்கும் முன் நெகட்டிவ் என்று உறுதி செய்ய வேண்டும், சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும் என்பதால் கடையில் நேராக வாங்கி விழுங்காதீர்கள்.

இன்றிலிருந்து உங்களுக்கு இருப்பது 37 நாள். அதுவரை யாருடன் உறவு என்றாலும் ஆணுறை. ரத்ததானம் மட்டும் வேண்டவே வேண்டாம். இலவசமாக டெஸ்ட் ஆகிவிடுமே என்று முகாமில் போய்ப் படுக்கிறவர்களை எனக்குத் தெரியும். விண்டோ பீரியடில் கொடுத்த ரத்தம் பரிசோதனையில் தப்பிவிட்டால் அந்தப் பை நேராக இன்னொருவர் உடம்பில் ஏறும். மேலே சொன்ன எண்களில் 9,000க்கு மேல் என்று இருந்தது அதுதான். 45ஆம் நாள் லேபில் போய், "45 நாளைக்கு முன்னால் ஆணுறை கிழிந்தது, ஆன்டிஜென் ஆன்டிபாடி சேர்ந்த எச்.ஐ.வி. பரிசோதனை வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். யார், எங்கே என்ற கதையெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை. அதே ரத்தத்தில் சிபிலிஸும் மஞ்சள் காமாலை பி-யும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த பி வகைக்குத் தடுப்பூசி போட்டதில்லை என்றால் அதற்கு 45 நாள் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள்.